வேன் பாட்டுக்கு எழுதிய கிரயப் பத்திரம்

ஓட்டப்பிடாரத்தில் பத்திர ஆபீசுக்கு எதிர்ச்சாரியில், ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவே ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், வந்தவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. முப்பது வருசமாக அதுதான் முத்துசெல்வத்தின் ராஜ்யம். வயது ஐம்பத்தெட்டு. தொழில் பத்திரம் எழுதுவது. சுற்றுவட்டாரத்துக் கரிசல் காட்டில் பாதி அவர் கை வழியாகத்தான் கை மாறியது என்று யாராவது சொன்னால், கொஞ்சம் கூச்சப்பட்டுவிட்டு "முக்கால்வாசி" என்று திருத்துவார்.

அவருக்குப் பாட்டு என்றால் ஆகாது. பஸ்ஸில் பாட்டுப் போட்டால் கண்டக்டரைக் கூப்பிட்டுச் சத்தத்தைக் குறைக்கச் சொல்கிற ஆள். வீட்டு விசேஷத்துக்கு மைக் செட் கட்டியபோது பந்தலுக்கு வெளியே போய் நின்றுகொண்டவர். அப்படிப்பட்ட மனுசன் கோவில்பட்டியில் ஒரு பாட்டுக் கம்பெனிக்கு ஆஸ்தான எழுத்தராக ஆகிவிட்டார் என்றால் ஊரில் யார் நம்புவார்கள்? அவர் மனைவி பத்திரகாளியே முதலில் நம்பவில்லை. "பாட்டுக்கு என்னத்தப் பத்திரம்? பட்டா மாறுதலும் உண்டுமோ?" என்று கேட்டு ஒரு வாரம் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கம்பெனியை நடத்துகிறவள் சத்யபிரியா. கோவில்பட்டியில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் விஜயராஜின் மகள். சென்னையில் ஒலிப்பதிவு படித்து, அங்கேயே நாலைந்து வருசம் யார் யாருக்கோ வேலை பார்த்துவிட்டு, ஒரு நாள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கே வந்துவிட்டாள். கடைக்கு மேல் மாடியில் பெயிண்ட் டப்பா அடுக்கியிருந்த அறையைக் காலி பண்ணி, சுவரெல்லாம் பஞ்சுப் பலகை ஒட்டி, வாசலில் 'மானாவாரி ரெக்கார்ட்ஸ்' என்று போர்டு மாட்டினாள். விஜயராஜ் போர்டை அண்ணாந்து பார்த்துவிட்டு, "தண்ணி பாயாத பேராப் பாத்து வச்சிருக்கியேம்மா" என்றார். "இங்கன எல்லாம் அப்படித்தானப்பா வெளையுது" என்று சொல்லிவிட்டு அவள் மாடியேறிப் போய்விட்டாள்.

மூன்று வருசத்துக்கு முன் அவள் முத்துசெல்வத்தின் பெஞ்சில் வந்து உட்கார்ந்தபோது, அவர் வழக்கம்போல முகத்தைப் பார்க்காமலே ஆதார் கார்டு கேட்டார். பிறகு வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சா என்றார். பிறகு சர்வே நம்பர் என்றார். "நெலம் இல்ல அண்ணாச்சி, பாட்டு" என்று அவள் சொன்ன பிறகுதான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கிட்டப் பாட வாரவங்களுக்கு ஒரு ஒப்பந்தம் வேணும். வக்கீல் இங்கிலீஷ்ல ஒண்ணு குடுத்தா. எனக்கே பாதி புரியல. தமிழ்ல வேணும், வாசிச்சா அவங்களுக்கு வெளங்கணும்."

"சரி. கிரயமா, அடமானமா, குத்தகையா?" பழக்க தோசத்தில் கேட்டுவிட்டார்.

அவள் சிரிக்கவில்லை. யோசித்தாள். "குத்தகை. மூணு வருசம். அதுவரைக்கும் பாட்டை நான் வச்சுப் பாடுபடுதேன். மூணு வருசம் முடிஞ்சா பாட்டு அவங்ககிட்டயே போயிரணும்."

"கிரயமா எழுதி வாங்கிட்டா ஒங்களுக்கு லேசுதானம்மா?"

"எனக்கு லேசுதான். அவங்களுக்கு லேசு இல்லையே அண்ணாச்சி."

முத்துசெல்வம் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி 'குத்தகை' என்று தட்டினார். அந்தப் பதில் அவருக்கு எங்கே போய்க் குத்தியது என்று அவளுக்குத் தெரியாது. ஊரில் யாருக்குமே தெரியாது, பத்திரகாளி ஒருத்தரைத் தவிர.

நடந்தது இதுதான். இரண்டாயிரத்துப் பன்னிரண்டாம் வருசம் ஆனி மாசம், வெளியூரிலிருந்து ஒரு கேசட் கம்பெனிக்காரர் வெள்ளைக் கார் போட்டுக்கொண்டு வந்தார். கூடவே வெயிலுகந்தம்மாள் என்ற பெண், பசுவந்தனைப் பக்கம் ஒரு சிற்றூர். தீப்பெட்டி ஆபீசில் மருந்து முக்கிய குச்சிகளைப் பெட்டியில் அடைக்கிற வேலைக்குப் போகிறவர். விடிந்தும் விடியாமலும் ஊருக்குள் வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போகும் ஆபீஸ் வேனில், அலுப்புத் தெரியாமல் இருக்க அந்தம்மா தானாகவே பாட்டுக் கட்டிப் பாடுவாராம். எல்லாம் அன்றாடப் பாடுதான்: ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் தீர்ந்துபோவது, நூறு நாள் வேலைக்குக் கூலி வராதது, வேன் டிரைவரின் கோபம். அதில் ஆறு பாட்டைக் கம்பெனிக்காரர் ஒரே நாளில் பதிவு செய்துவிட்டு, மறுநாள் கையெழுத்துக்கு அழைத்து வந்திருந்தார்.

"எல்லாமே எங்களுக்குன்னு கெட்டியா எழுதிருங்க" என்றார். முத்துசெல்வம் கம்ப்யூட்டரில் கிடந்த ஒரு புஞ்சைக் கிரயத்தைத் திறந்தார். சர்வே நம்பர் இருந்த இடத்தில் பாட்டின் முதல் வரியைப் போட்டார். ஏக்கர் சென்ட் இருந்த இடத்தில் நிமிசம் வினாடியைப் போட்டார். விற்றவருக்கோ வாரிசுகளுக்கோ இனி எவ்விதப் பாத்தியமும் இல்லை என்கிற பகுதியை அப்படியே விட்டுவிட்டார். அரை மணி நேர வேலை.

கையெழுத்துப் போடும் முன் வெயிலுகந்தம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டார். கம்பெனிக்காரரைப் பார்த்துக் கேட்கவில்லை, எழுதியவரைப் பார்த்துக் கேட்டார். "பொறவு நான் பாடிக்கிடலாமாய்யா?"

முத்துசெல்வம் ஸ்டாம்ப் பேப்பரைத் திருப்பி வைத்துக்கொண்டே, "வித்த பொறவு வித்ததுதானம்மா" என்றார்.

அவ்வளவுதான். ஒரு நாளைக்கு நாலு பேரிடம் சொல்கிற வாக்கியம். ஆனால் ஆறு மாசம் கழித்து அந்த ஆறில் ஒன்று பஸ்ஸெல்லாம் பிடித்துக்கொண்டது. 'ஆறு மணி வேனு வந்து ஆரன் அடிக்குது, அரைவேக்காட்டுச் சோறு என்னப் பாத்துச் சிரிக்குது' என்று தொடங்கும் பாட்டு. கோவில்பட்டி போகிற பஸ்ஸில், விளாத்திகுளம் மினி பஸ்ஸில், கொடை விழாவில், சடங்கு வீட்டில், எங்கே போனாலும் அதுதான். பாடியவர் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. முதல் தடவை பஸ்ஸில் கேட்டதும் முத்துசெல்வம் கண்டக்டரைக் கூப்பிட்டுச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். அந்தப் பாட்டை ஒரு மனுசியிடமிருந்து சுத்தமாகப் பிடுங்கிக் கொடுத்தது தன் கைதான் என்று தெரிந்தது. பாட்டு என்றாலே ஆகாமல் போனது அதற்கப்புறம்தான்.

சத்யபிரியாவுக்கு அவர் எழுதிக் கொடுத்தது 'பாட்டுக் குத்தகைப் பத்திரம்'. அவராக வைத்த பெயர். வாரக் கடைசியில் பஸ் ஏறிக் கோவில்பட்டிக்குப் போய், மாடியில் பாட வந்தவர்களுக்கு அதை உரக்க வாசித்துக் காட்டுவார். வாசித்து முடித்ததும், "இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க, இதுல என்ன இருக்கு?" என்பார். அவர்கள் சரியாகத் திருப்பிச் சொன்னால்தான் பேனாவைக் கொடுப்பார். ஒரு பையன், பைக் மெக்கானிக், மூன்று தடவை வாசித்தும் தப்பாகவே சொன்னான். நாலாவது தடவையும் சளைக்காமல் வாசித்தார். இவ்வளவு பொறுமையை முப்பது வருசத்தில் ஒரு நில விற்பனைக்கும் அவர் காட்டியதில்லை.

அங்கே போய் வந்துதான் ஒரு பாட்டுக் கம்பெனி உண்மையில் என்ன செய்யவேண்டும் என்று அவருக்குப் புரிந்தது. பதிவு செய்வதோடு வேலை முடிந்தது என்று நினைத்திருந்தார். "அதுக்குப் பொறவுதான் அண்ணாச்சி வேலையே" என்றாள் சத்யபிரியா. முதலில் அவள் வில்லங்கம் பார்ப்பாள். ஆமாம், அவர் சொன்ன அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டாள். மெட்டு வேறு யாருடையதோ, வரி எங்கிருந்தாவது எடுத்ததோ என்று விசாரித்துவிட்டுத்தான் பாட வைப்பாள். கட்டியவர் பெயரில் பாட்டைப் பதிவு செய்வாள். பாட்டு தொடங்கும் முன் பாடியவர் தன் பெயரையும் ஊரையும் தன் வாயாலேயே சொல்லவேண்டும் என்பது அவள் வைத்த சட்டம். அட்டைப் படத்தில் போட்ட பெயரை மைக் செட்டுக்காரர்கள் காற்றில் விட்டுவிடுவார்கள், குரலோடு ஒட்டிய பெயரை வெட்ட மாட்டார்கள்.

அடுத்து, மூன்று வழித்தடத்து மினி பஸ் டிரைவர்களுக்குப் பென் டிரைவில் பாட்டைக் கொடுப்பாள். யாரும் கேட்காமலே டிரைவர் ஒரே வாரத்தில் நாலைந்து தடவை போட்டுவிட்டால், "எடுத்திருச்சு அண்ணாச்சி" என்று போன் பண்ணுவாள். அப்புறம்தான் நெட்டில் ஏற்றுவது, எஃப்எம் ஆட்களைத் துளைப்பது, கல்லூரி விழாவுக்குச் சிபாரிசு செய்வது எல்லாம். மேடையில் கால் நடுங்குகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போய், காலி மண்டபத்தில் நாலு தடவை நடக்க வைப்பாள். எடுக்காத பாட்டும் உண்டு. "இது எடுக்கல, ஆனா நீ எடுப்ப" என்று முகத்துக்கு நேரே சொல்லி அடுத்த பாட்டுக்கு அனுப்புவாள். இப்படி இருபத்து மூன்று பேர். முத்துசெல்வம் எழுதியதும் இருபத்து மூன்று குத்தகை. ஒன்றில்கூடக் கிரயம் என்ற சொல் கிடையாது.

இருபத்து நாலாவது ஆளாகப் போன மாசிக் கடைசியில் மாடியேறி வந்தவர் வெயிலுகந்தம்மாள்.

முத்துசெல்வத்துக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. தலை நரைத்திருந்தது, உடம்பு வற்றியிருந்தது, குரல் மட்டும் அதேதான். தீப்பெட்டி ஆபீசில் கூட வேலை பார்க்கும் ஒருத்தி சொல்லி, சத்யபிரியாவே ஊருக்குப் போய்க் கையோடு அழைத்து வந்திருந்தாள். அந்தம்மாவிடம் புதுப் பாட்டு நாலு இருந்தது. நாலும் அருமை. சத்யபிரியாவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"அம்மா, அந்த வேன் பாட்டு ஒங்க பாட்டுன்னு கேள்விப்பட்டேன். அதையும் புதுசாப் பாடிருவோமா? ஒங்க பேரோட?"

வெயிலுகந்தம்மாள் தலையை ஆட்டினார். "அத நான் பாடக்கூடாது தாயி. வித்தாச்சு."

"மேடையில பாட வேண்டாம். எனக்கு மட்டும் ஒருக்கப் பாடிக் காட்டுங்க."

"எங்கயும் பாடுததில்ல. வேன்ல போட்டாக்கூட நான் வாயத் தொறக்க மாட்டேன். வித்த புஞ்சைக்குள்ள எறங்கி உழ முடியுமா?" என்றவர், கதவோரம் நின்ற முத்துசெல்வத்தைக் கைகாட்டினார். அந்தக் கையில் ஒரு கோபமும் இல்லை. "இவியதான் அன்னைக்குச் சொன்னாவ. வித்த பொறவு வித்ததுதான்னு."

பன்னிரண்டு வருசம். கட்டிய பாட்டை வாய்க்குள்ளேயே போட்டுப் பூட்டிவைத்து, தினமும் அதே வேனில் போய் வந்திருக்கிறார் ஒரு மனுசி. கம்பெனிக்காரர் பயங்காட்டிக்கூட இல்லை. முத்துசெல்வம் போகிற போக்கில் சொன்ன ஒரு வாக்கியத்துக்குக் கட்டுப்பட்டு. அன்று அவர் பத்திரம் வாசிக்கவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டார்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. பத்திரகாளி தட்டை எடுத்து மூடி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். "அந்தப் பத்திர நகலு நம்மகிட்ட இருக்கும்லா?"

"இருக்கும். இருந்து என்ன? எழுதுனது நான்ல. ஒரு ஓட்டை இருக்காது."

"ஒம்ம பெருமையத் தூக்கிப் பரண்ல போடும். மொதல்ல அந்தக் காகிதத்தத் தேடி எடும். அந்தம்மாளுக்கு ஒரு வழி இருக்கா இல்லையான்னு அந்தக் கோவில்பட்டிப் பிள்ள பாக்கட்டும். ஒமக்குப் பாக்கப் பயம், அதான் சங்கதி."

சங்கதி அதுதான். எடுத்துப் பார்த்தால் தன் கைவேலை எவ்வளவு சுத்தம் என்று தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் அதற்கப்புறம் நம்பிக்கை என்று ஒன்று மிச்சமிருக்காது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் தகரப் பெட்டிகளை இறக்கினார். எழுதியதெல்லாம் வருச வாரியாகக் கட்டுக் கட்டாக வைத்திருப்பவர் என்பதால் பத்து மணிக்கெல்லாம் கிடைத்துவிட்டது. இரண்டு தடவை படித்தார். அவர் பயந்தது சரிதான். சர்வ சுதந்திரம் இருந்தது, வாரிசுகள் இருந்தார்கள், பின்னால் எவ்விதத் தாவாவும் செய்ய மாட்டேன் என்பதும் இருந்தது. இவ்வளவு கெட்டியாக எழுதிய கையை என்ன செய்யலாம் என்று யோசித்தபடி மடித்துப் பைக்குள் வைத்தார்.

மறுநாள் கோவில்பட்டி மாடியில் சத்யபிரியா அதைப் போட்டோ எடுத்து மதுரையிலிருக்கும் தன் வக்கீல் தோழி ப்ரியதர்ஷினிக்கு அனுப்பினாள். இருபது நிமிசத்தில் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

வக்கீலம்மா முதலில் ஒரு நிமிசம் சிரித்தாள். "யாரு எழுதினது இது? 'மேற்படி பாட்டில் வண்டி, மாடு, ஆட்கள் நடமாடும் பாதைப் பாத்தியம் உள்பட'ன்னு இருக்கு."

முத்துசெல்வத்துக்குக் காது சிவந்துவிட்டது. புஞ்சைக் கிரயத்திலிருந்து அந்த வரியை மட்டும் எடுக்க மறந்திருக்கிறார். ஓட்டை இல்லை என்று பத்திரகாளியிடம் பீற்றிக்கொண்டது ஞாபகம் வந்து இன்னும் கூசியது. "நான்தான்மா எழுதுனேன்" என்றார்.

"பரவால்ல சார், மத்ததெல்லாம் இறுக்கமாத்தான் எழுதியிருக்கீங்க. ஒண்ணு மட்டும் கேக்கணும். எத்தனை வருசத்துக்குன்னு எங்க போட்டிருக்கீங்க? மூணு தடவை தேடிட்டேன்."

கேள்வியே அவருக்குப் பிடிக்கவில்லை. தொழில் தெரியாத ஆளிடம் பேசுகிற தோரணையில் சொன்னார்: "கிரயத்துல வருசம் போட மாட்டோம்மா. குத்தகைக்குத்தான் வருசம், அடமானத்துக்குத்தான் கெடு. கிரயம்னா கிரயம். அதுக்கு ஏது காலம்?"

போனில் புத்தகத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"அது நெலத்துக்கு சார்" என்றாள் ப்ரியதர்ஷினி. "பாட்டுக்கு வேற சட்டம். உரிமை எழுதிக் குடுக்கும்போது எத்தனை காலத்துக்குன்னு எழுதணும். எழுதலைன்னா அஞ்சு வருசம்னுதான் எடுத்துக்கணும். காப்புரிமைச் சட்டத்துலயே இருக்கு. இது ரெண்டாயிரத்துப் பன்னிரண்டு. பதினேழுலயே முடிஞ்சு போச்சு."

"யாருக்கு முடிஞ்சு போச்சு?" என்று கேட்டார் முத்துசெல்வம்.

"கம்பெனிக்கு சார். பாட்டு அந்தம்மாகிட்ட வந்து ஏழு வருசம் ஆச்சு."

முத்துசெல்வம் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "இன்னொருக்கச் சொல்லுங்கம்மா" என்றார். அவள் சொன்னாள். மூன்றாவது தடவையும் சொல்லச் சொல்லியிருப்பார், வெட்கமாக இருந்ததால் விட்டுவிட்டார். நெஞ்சில் பன்னிரண்டு வருசமாகக் கிடந்த கல் ஒன்று இறங்கியது என்று பிறகு பத்திரகாளியிடம் சொன்னார். அப்போதைக்கு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வாய்ப்பேச்சை நம்பிப் பாடுவதற்கு இல்லை. ப்ரியதர்ஷினி முறையாகக் கடிதம் தட்டினாள். கம்பெனிக்காரர் இப்போது கேசட் தொழிலை விட்டுவிட்டு வேறு வியாபாரத்துக்குப் போய்விட்டிருந்தார். பதில் வரப் பன்னிரண்டு நாளாயிற்று. அந்தப் பன்னிரண்டு நாளும் முத்துசெல்வம் எழுதிய பத்திரங்களில் தப்பில்லாதது குறைவு. ஒரு விளாத்திகுளத்துக்காரரின் மிளகாய்க் காட்டுக்கு வடக்கையும் தெற்கையும் மாற்றிப் போட்டு, நல்லவேளையாகப் பதிவுக்கு முன் கண்டுபிடித்தார். கடைசியில் பதில் வந்தது. பழைய பதிவு எங்களுடையது, பாட்டைப் பற்றி எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று இரண்டு வரி. சத்யபிரியா போனில் அதை வாசித்தபோது அவர் டீக்கடை வாசலில் நின்றிருந்தார். டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிறகு இரண்டு டீ குடித்தார்.

வெயிலுகந்தம்மாளுக்கு விசயத்தைச் சொல்வது அவர் பொறுப்பு என்று சத்யபிரியா சொல்லிவிட்டாள். "நீங்க சொன்னதத்தான அவங்க நம்பினாங்க. நீங்க சொன்னாத்தான் மாறும்."

மாடியில், பெஞ்சில், அந்தம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து முத்துசெல்வம் பழைய பத்திரத்தை முதலிலிருந்து கடைசி வரை உரக்க வாசித்தார். அன்றைக்கு வாசித்துக் காட்டாததை இப்போது வாசித்தார். பிறகு வக்கீலின் கடிதத்தை வாசித்தார். பிறகு கம்பெனியின் இரண்டு வரியை.

"அந்தப் பழைய ரெக்கார்டு அவங்ககிட்ட இருந்துட்டுப் போகட்டும். வரியும் மெட்டும் ஒங்க பாட்டும்மா. அஞ்சு வருசத்துலயே ஒங்ககிட்ட வந்தாச்சு."

வெயிலுகந்தம்மாள் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். "அப்ப ஏழு வருசமா அது எம் பாட்டுதானா?"

"ஆமா."

"அடக் கொடுமையே. வேன்ல வாயப் பொத்திக்கிட்டுல்லா உக்காந்திருந்தேன்." சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அந்தம்மாவுக்கு. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் வந்து உட்கார்ந்த சத்யபிரியாவின் முழங்காலை ஒரு தட்டுத் தட்டினார்.

"எம் வாயில வந்த சொல்லும்மா அது" என்றார் முத்துசெல்வம். "தெரியாமச் சொல்லிட்டேன். தெரியலைன்னாவது சொல்லியிருக்கணும். மன்னிச்சிருங்க."

"நீங்க என்னத்தக் கண்டிய? நெலத்தத்தான எழுதிட்டு இருந்திய" என்றார் அந்தம்மா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவருக்கு அதைவிட முக்கியமான வேலை இருந்தது. "இப்பப் பாடலாமா?"

முதலில் புதுப் பத்திரம். ஐந்து பாட்டு, மூன்று வருசக் குத்தகை. பாடியவர் எங்கேயும் எப்போதும் தன் பாட்டைப் பாடிக்கொள்ளலாம், யாரிடமும் கேட்கவேண்டியதில்லை என்பதை முத்துசெல்வம் முதல் வரியாக எழுதி வந்திருந்தார். அந்தம்மா அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார்.

பதிவு அறைக்குள் மைக் முன்னால் நின்றதும் சத்யபிரியா சொன்னபடி பெயரையும் ஊரையும் சொன்னார். பிறகு தொடங்கினார். வேன் வந்தது, ஆரன் அடித்தது, அரைவேக்காட்டுச் சோறு சிரித்தது. பஸ்ஸில் கேட்டதைவிட ஒரு இழை மெதுவாக, ஆனால் கிண்டலோடு. இரண்டாவது சரணமும் வந்தது. மூன்றாவதுக்கு வந்து, வாயைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"மறந்து போச்சு தாயி." மறுபடி முதலிலிருந்து பாடினார். மறுபடி அதே இடத்தில் நின்றது. பாடாமல் விட்ட பன்னிரண்டு வருசம் அந்த ஒரு வரியைத் தின்றுவிட்டது. "கைக்கு வந்தும் வாய்க்கு வரலையே" என்று சொல்லி மைக்கைவிட்டு ஓரடி தள்ளி நின்றார்.

கதவோரம் நின்ற முத்துசெல்வத்துக்குப் பொறுக்கவில்லை. வேண்டாம் வேண்டாமென்று நூறு தடவை பஸ்ஸில் கேட்டு மனப்பாடமான வரி. குரலைச் செருமிக்கொண்டு, ராகமில்லாமல், பத்திரம் வாசிக்கிற மாதிரியே எடுத்துக் கொடுத்தார்: "மச்சான் வந்து கூப்பிடையில மனசு குதிக்குது."

வெயிலுகந்தம்மாள் விருட்டென்று திரும்பினார். அந்த அறையில் அவர் கோபப்பட்டது அப்போதுதான்.

"அது எம் பாட்டு இல்லய்யா. மச்சான் எங்க வந்தான் எம் பாட்டுல? நான் பாடுனது சோகமா இருக்குன்னு அந்தக் கம்பெனிக்காரரு மாத்திப் பாட வச்சது அது. நான் கட்டுனது வேற."

சொன்ன வேகத்தில் மைக்கின் பக்கம் திரும்பிவிட்டார். கண்ணை மூடி, உள்ளங்கை இரண்டையும் மூக்கருகே கொண்டுபோனார். சத்யபிரியா பதிவை நிறுத்தவில்லை.

"மருந்து வாடை அடிக்குதுன்னு மக மூஞ்சியத் திருப்புது..."

அதற்கப்புறம் அந்தம்மா எங்கேயும் நிற்கவில்லை.